சிரிக்கிற ஷாட்

ஒரு படத்தில் யார் யார் நடிக்கிறார்கள் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். படம் நன்றாக இருக்குமா, ஓடுமா என்பதெல்லாம் அப்புறம். ஹீரோவுக்கு அப்பா யார், வில்லன் யார், இரண்டாவது ஹீரோயின் என்று ஒரு பெயர் அடிபடுகிறதே அது நிஜமா புரளியா, இதெல்லாம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்தமானில், பெரார்கஞ்ச் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கப்பல் வரவில்லை, வெங்காயம் இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. ஆனால் ஒரு அப்டேட்டை எனக்கு முன்னால் இன்னொருவன் சொல்லிவிட்டால் அன்றைக்குக் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் எரிந்து விழுவேன்.

"நம்ம வீட்டுக் கல்யாணமா, மாப்பிள்ளை யாருன்னு தெரியாமத் தவிக்கிறதுக்கு?" என்பாள் என் மனைவி. அவளுக்குச் சினிமா பிடிக்கும், சினிமாச் செய்திதான் பிடிக்காது. எனக்கு இந்தப் பைத்தியத்தில் ஒரே துணை பரமக்குடியில் இருக்கும் என் அக்காதான். கணவர் போன பிறகு தனியாக இருக்கிறாள். தினமும் சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும், பாக்குத் தோட்டத்து வளைவில் போய் நின்று அவளைக் கூப்பிடுவேன். அங்கேதான் சிக்னல் நிற்கும். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பு எங்களுக்குள் கிடையாது. எடுத்த எடுப்பில் "என்னடா புதுசா?" என்பாள். நான் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டால் அவள் ஜெயித்தாள். கடல் தாண்டி வந்து இத்தனை வருஷமாக எங்களை அக்கா தம்பியாக வைத்திருந்தது இந்தப் போட்டிதான்.

அந்தப் படத்தின் அறிவிப்பு வந்தபோது இரண்டு பேருக்கும் தூக்கம் போய்விட்டது. பெரிய டைரக்டர், பெரிய ஹீரோ. கதையில் அப்பா அந்தமானில் குடியேறியவராம். அவர் செத்துப்போக, மெயின்லேண்டிலிருந்து மகன் வருவதுதான் ஆரம்பமாம். அப்பா யார் என்று வாரக்கணக்கில் அடித்துக்கொண்டோம். கடைசியில் போஸ்டர் வந்தது. வெள்ளை மீசையும் கனத்த தாடையுமாக ஒரு மூத்த நடிகர், எங்கள் இருவருக்குமே பிடித்தவர். தூரத்தில், மங்கலான வெளிச்சத்தில், கண்ணாடி போடாமல் பார்த்தால் நான் அவர் மாதிரி இருக்கிறேன் என்று என் மனைவி கேலி செய்வதுண்டு.

அப்புறம் வந்தது பாருங்கள் செய்தி. யூனிட் அந்தமானுக்கே வருகிறது. அதுவும் எங்கே? எங்கள் பெரார்கஞ்சுக்கு. வயல் ஓரத்தில் தகரக் கூரை போட்ட பழைய மரவீடு ஒன்றைப் பிடித்திருந்தார்கள். நான் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுக் காலையிலேயே போய் நின்றேன். சாமி கும்பிட வெள்ளைப் பூசணிக்காய் வேண்டும் என்று என் கடையில்தான் வாங்கினார்கள். அதற்கே எனக்குத் தலைகால் புரியவில்லை.

வானம் அன்றைக்குக் காலையிலிருந்தே கறுத்துக் கிடந்தது. மூத்த நடிகர் வந்த விமானம் போர்ட் பிளேரில் இறங்க முடியாமல் சென்னைக்கே திரும்பிவிட்டது. எங்களுக்கு இது சகஜம், அவர்களுக்குத் தலையில் இடி. மறுநாள் யூனிட் கிளம்பியாக வேண்டும். ஹீரோ வந்து நிற்கிறார், பாடை கட்டியாகிவிட்டது, பிணத்தைக் காணோம். உதவி டைரக்டர் ஒருவர் வேடிக்கை பார்த்த கூட்டத்தை ஒரு சுற்று சுற்றி வந்து என் முன்னால் நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் படுக்கணும்."

நான் யோசிக்கவே இல்லை. வேட்டி கொடுத்தார்கள், மீசைக்கு வெள்ளை பூசினார்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு, நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, கழுத்தில் மாலை. அந்தப் போஸ்டரில் இருந்த மனிதர் படுக்க வேண்டிய இடத்தில் நான் படுத்திருக்கிறேன். சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டு எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். "அப்பா ரோல் யாரு தெரியுமா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். அவள் கத்துவாள். இந்த ஜென்மத்தில் அவள் என்னை ஜெயிக்கவே முடியாது.

"என்ன நடந்தாலும் கண்ணைத் திறக்காதீங்க. நான் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எந்திரிக்கணும்" என்றார் உதவி டைரக்டர். சரி என்றேன்.

பிணமாகப் படுத்திருப்பது கஷ்டமில்லை, கேட்டுக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். அழுவதற்கு ஆட்கள் எல்லாம் உள்ளூர்தான். பெங்காலி, தெலுங்கு, ராஞ்சிக்காரர்கள் என்று என் கடைக்குத் தினமும் வருகிறவர்கள். முதலில் ஒருத்தருக்கும் அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. "ரோனா ஹை, ரோனா! ஹஸ்னா நஹி!" அழணும், சிரிக்கக் கூடாது என்று யாரோ மைக்கில் கெஞ்சினார்கள். அப்போது என் கால்மாட்டில் ஒரு குரல் எழுந்தது. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டு பெங்காலி அம்மாள். மாஷி என்று கூப்பிடுவோம். கடுகு எண்ணெய்க்கு என்னிடம் தினமும் சண்டை போடுகிறவள். "தாதா ரே" என்று, அண்ணனைக் கூப்பிட்டு அடிவயிற்றிலிருந்து இழுத்தாள். அது நடிப்பு இல்லை. யாரை நினைத்து அழுதாளோ, எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவளைத் தொடர்ந்து எல்லோரும் அழத் தொடங்கினார்கள். என்னைத் தெரிந்த ஊர் மொத்தமும் என்னைச் சுற்றி அழுதது.

நடுவில் மழை வந்தது. கண் இமை மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. தோளை யாரும் தொடவில்லை, அதனால் அசையாமல் கிடந்தேன். அழுகைச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. மழைதான் ஷாட் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மழை பலத்தது. வேட்டி நனைந்து உடம்போடு ஒட்டியது. அப்போதுதான் கவனித்தேன். என் இடது பக்கம் நனையவில்லை. வலது தோள், வலது கை, கால் எல்லாம் தண்ணீர் ஓடுகிறது. இடது பக்கம் மட்டும் யாரோ ஒட்டி உட்கார்ந்து மறைத்துக்கொண்டிருப்பது போல உலர்ந்து கிடந்தது. யாரோ குடை பிடித்திருக்கிறார்கள், நல்ல மனுஷன் என்று நினைத்தேன். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"ஏங்க! என்னங்க இது அநியாயம்!" என்று ரோட்டிலிருந்து என் மனைவி கத்திய பிறகுதான் கண்ணைத் திறந்தேன். முற்றத்தில் ஒருவர்கூட இல்லை. யூனிட் முழுக்கத் தள்ளி, தார்ப்பாய்க்கு அடியில் முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தது. மழை வந்ததும் கட் சொல்லிவிட்டு எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். என்னை மறந்துவிட்டார்கள். இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். குடையும் இல்லை, ஆளும் இல்லை. என் மனைவி ஓடிவந்து தாடைக்கட்டை அவிழ்த்தாள். "மூக்குல இருக்கிறத எடுங்க முதல்ல, பார்க்கச் சகிக்கல" என்று திட்டினாள்.

உதவி டைரக்டர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். "அண்ணே, சிரிக்கிற ஷாட் ஒண்ணு பாக்கி இருக்கு. மழை விட்டதும் எடுத்துரலாம்."

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சினிமாவில் பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். அந்தச் சிரிப்பு படத்தில் வராது, வெட்டிப் போட்டுவிடுவார்கள். ஆனாலும் எடுத்தாக வேண்டும். ஒரு ஆள் கடைசியாகக் கேமராவில் பதிந்தது பிணமாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். எனக்கும் அக்காவுக்கும் இது தெரியும். பேட்டிகளில் எத்தனை முறை படித்திருப்போம்.

மழை விடவில்லை. அன்றைக்கும் விடவில்லை, மறுநாளும் விடவில்லை. நடுவில் கொஞ்சம் வெளுத்தபோது யூனிட் மூட்டை கட்டிக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடிவிட்டது. பூசணிக்காய் தார்ப்பாய்க்கு அடியிலேயே கிடந்தது. என் மனைவி அதை எடுத்து வந்து கூட்டு வைத்துவிட்டாள். "நல்ல காயை யாராச்சும் நடுரோட்டுல போட்டு உடைப்பாங்களா?" என்றாள். நானும் சாப்பிட்டேன்.

அந்த மழையில் டவர் போய்விட்டது. போன், நெட் இரண்டும் இல்லை. அக்காவிடம் சொல்ல வேண்டிய செய்தி தொண்டையிலேயே நின்றது. ஊரில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "க்யா பாய், ஜிந்தா ஹை?" உயிரோடுதான் இருக்கிறாயா என்று பஜாரில் ஆளுக்கு ஆள் கேலி. மாஷி மட்டும் கடைக்கு வந்தால் என்னிடம் பேசுவதில்லை. என் மனைவியிடம்தான் எண்ணெய் கேட்பாள், அவள் கையால்தான் வாங்குவாள். "மாஷி, என்ன கோபம்?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் என் மனைவியிடம், "ஏக் பார் ரோ தியா, தோ ரோ தியா" என்றாள். ஒருத்தருக்காக அழுது முடித்தாகிவிட்டது, அவ்வளவுதான், அதைத் திரும்ப எடுக்க முடியாது என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது.

டவர் வந்ததும் வளைவுக்கு ஓடினேன். அக்கா எடுத்தாள். பின்னால் ஏகப்பட்ட சத்தம். யாரோ போனைப் பிடுங்கினார்கள். எங்கள் பெரியப்பா மகன். "டேய், நீ யார்றா பேசுறது?" என்றான். நான்தான் என்றேன். அவன் ஓவென்று கத்தினான். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஷூட்டிங்கில் யாரோ திருட்டுத்தனமாகப் படம் எடுத்திருக்கிறார்கள். மூக்கில் பஞ்சும் மாலையுமாக நான். டவர் சாய்வதற்கு முன்னால் அது ஏதோ ஒரு குரூப்பில் ஏறி, ஊர்க்காரர்கள் கைமாறி, கடைசியில் ஆழ்ந்த இரங்கலோடு பரமக்குடி போய்ச் சேர்ந்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை. இங்கே யாரைக் கூப்பிட்டாலும் கிடைக்கவில்லை. அக்கா தலை முழுகிவிட்டாள். சொந்தமெல்லாம் வந்து உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

அக்கா போனைத் திரும்ப வாங்கியதும், ஷூட்டிங்கில் பிணமாகப் படுத்த கதையைச் சொல்லி நான் அழ ஆரம்பித்தேன். அவள் அழவில்லை.

"நான்தான் இவுககிட்ட அப்பவே சொன்னேனேடா, நீ நல்லாத்தான் இருக்கேன்னு. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு ஒவ்வொருத்தியும் வாயில துணிய வச்சுக்கிட்டு அழுகுறாளுக. நேத்துச் சாயங்காலம் நீ பேசினதை நம்பவே மாட்டேங்கிறாக."

"நேத்தா?"

"ஆமா, நேத்துத்தான். எப்பவும் கூப்பிடுற நேரத்துக்கு. மூக்கடைச்ச மாதிரிப் பேசினியே, சளி எப்படி இருக்கு?"

பாக்குத் தோட்டத்தில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் கை தானாக மூக்குக்குப் போனது. "அக்கா, நேத்து இங்க டவரே இல்ல. நான் கூப்பிடல" என்றேன்.

பின்னால் சொந்தக்காரர்கள் சந்தோஷமாகச் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் குரலைத் தணித்து, "அப்ப அது யாருடா?" என்றாள்.

என்ன பேசியது என்று கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எடுத்த எடுப்பில் அப்டேட்தானாம். அப்பா வேஷம் மாறிவிட்டது, போஸ்டரில் இருப்பவர் இல்லை என்றதாம். வேறொரு நடிகர் பெயரைச் சொன்னதாம். பழைய படங்களில் ஹீரோவின் தங்கையைக் கடத்திக்கொண்டு ஓடுவாரே, பல வருஷமாக எந்தப் படத்திலும் தலைகாட்டாத மனிதர், அவர். எனக்குச் சிரிப்பாக வந்தது. அவர் பெயர் எங்கள் இருவர் வாயிலும் ஒருநாளும் வந்ததில்லை. துக்கத்தில் கண்ணசந்திருப்பாள், கனவாக இருக்கும் என்றேன். போனில் அந்த அழைப்பு இருக்கிறதா பார் என்றேன். அந்தப் படமும் இரங்கலும் இனிக் கண்ணில் படக் கூடாதென்று போனில் இருந்த எல்லாவற்றையும் அப்போதே அழித்துவிட்டாளாம்.

"அது கெடக்கட்டும். படுத்து எந்திரிச்சியே, சிரிக்கிற ஷாட் எடுத்தாகளா?"

"இல்ல."

"எடுக்கலையா!" என்று போன் கிழியக் கத்தினாள். "கூறுகெட்டவனே! ஊர்ச் செய்தியெல்லாம் வாய் கிழியப் பேசத் தெரியுது, இது தெரியாதா உனக்கு? எந்திரிச்சு வந்தது பாதி ஆளுதான்டா. மீதி அங்கேயே மழையில படுத்துக் கெடக்கு."

திட்டுவாங்கியதில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லிச் சிரித்தேன். அவள் பார்த்துவிட்டு, பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுவது போல இருக்கிறது, அழித்துவிடுங்கள் என்றாள். அழித்துவிட்டேன்.

மாதங்கள் போயின. மாஷி கடுகு எண்ணெயை என் மனைவியிடமே வாங்கிக்கொண்டிருந்தாள். நானும் அக்காவும் பழையபடி போட்டியைத் தொடர்ந்தோம். ஆனால் அந்தப் படத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாயே திறப்பதில்லை. ஒருநாள் வளைவில் நிற்கும்போது போனில் புதுப் போஸ்டர் வந்து விழுந்தது. மூத்த நடிகருக்குத் தேதி ஒத்துவரவில்லை, அவர் விலகிவிட்டார். அப்பாவாக நடிப்பவர் இவர் என்று ஒரு முகம். பழைய வில்லன். அவரே.

கால் தரையில் இல்லை எனக்கு. பயமா, குஷியா என்று கேட்டால் இரண்டும்தான், பொய் சொல்லக் கூடாது. உலகத்தில் யாருக்கும் தெரியாத அப்டேட் எங்கள் வீட்டுக்குப் பல மாதம் முன்னால் வந்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குதிக்கவில்லை. பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். அவள் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை.

"அக்கா, அன்னைக்கு அது வேற ஏதாச்சும் சொல்லுச்சா?"

"இல்ல."

"அக்கா."

"முதல் நாள் முதல் ஷோ வாக்கான்னு கூப்பிட்டுச்சுடா. உனக்கு என் பக்கத்துல சீட்டு போட்டு வச்சிருக்கேன், வந்துருன்னு."

"நீ என்ன சொன்ன?"

"நீன்னு நெனச்சேன்ல. நீ கூப்பிட்டா நான் வராம இருப்பனா? சரி வாரேன்னு சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து ரிலீஸ் தேதி என்ற வார்த்தையே எனக்கு விஷமாகிவிட்டது. எந்தப் படத்துக்கும் தேதி சொல்ல மாட்டார்களா என்று தவம் கிடந்தவன், இந்தப் படம் தள்ளிப்போக வேண்டும் என்று சாமி கும்பிட்டேன். கிராபிக்ஸ் வேலை பாக்கி என்றால் நிம்மதி. ஹீரோவுக்கும் தயாரிப்பாளருக்கும் தகராறு என்று புரளி வந்தால் பாயசம் வைக்காத குறை. அக்காவோ நாளுக்கு நாள் அமைதியாகிக்கொண்டே போனாள். பட்டுப்புடவை ஒன்றை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். போகாதே, வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார் என்று நான் கத்தினேன். "சொன்ன சொல்லு இருக்குடா. போகலேன்னா அது வீட்டுக்கு வந்துரும்" என்றாள்.

கடைசியில் தேதி வந்தது. என் மனைவிதான் வழி சொன்னாள். "நீங்க போங்க. உங்க அக்காவைக் கூப்பிட்டது நீங்கதான்னு ஆகட்டும். பக்கத்துல நீங்க உட்கார்ந்துட்டா வேற யாரு வந்து உட்காருவா?" அவளுக்கு இந்தச் சங்கதியில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டிபன் கட்டிக் கொடுத்து, வாசலில் நின்று, "சிரிச்ச முகமாப் போயிட்டு வாங்க" என்றாள். அதை அவள் வேண்டுமென்றேதான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

பரமக்குடியில் தியேட்டர் வாசலே திருவிழாவாக இருந்தது. மேளம், வெடி, கட்அவுட்டுக்குப் பால். வேறு நாளாக இருந்தால் நானும் ஆடியிருப்பேன். அக்கா பட்டுப்புடவையில் பூ வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் கையைக் கிள்ளிப் பார்த்தாள், வலிக்கிற அளவுக்கு. "ம்" என்றாள். உள்ளே போனோம். காலைக் காட்சி, ஹவுஸ்ஃபுல். படியில்கூடப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் அக்காவுக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். அவளுக்கு இடது பக்க சீட் காலியாக இருந்தது.

யாராவது வந்து உட்காருவார்கள் என்று காத்திருந்தேன். விளக்கு அணைந்தது. சீட் தேடி வந்தவர்கள் அதன் அருகே வந்து, குனிந்து பார்த்து, ஆள் இருக்கிறது என்பது போலத் தள்ளிப் போனார்கள். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் இடது கை மட்டும் மடியில் இறுக மூடிக் கிடந்தது.

படம் தொடங்கியதும் சாவு வீடுதான். எங்கள் மாஷி, எங்கள் பஜார் ஆட்கள், எங்கள் தகரக் கூரை. பாடையில் பழைய வில்லனின் முகம். முகத்தை மட்டும் பிறகு சென்னையில் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு மூச்சு வந்தது. நான் படத்தில் இல்லை, தப்பித்தேன் என்று நினைத்தேன். அப்போது மழை வந்தது. தூரத்திலிருந்து எடுத்த ஒரு ஷாட். அழுகிறவர்கள் எழுந்து ஓடுகிறார்கள். முற்றம் காலியாகிறது. நடுவில் பாடை மட்டும். மழை கொட்டுகிறது. அது நான். கட் சொன்ன பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. டைரக்டருக்கு அந்த மறதி பிடித்துப்போய் அப்படியே வைத்துவிட்டார். தியேட்டரே மூச்சுவிடாமல் பார்த்தது. வெள்ளை வேட்டி வலது பக்கம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இடது பக்கம் உலர்ந்து, காற்றில் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

அக்காவும் பார்த்துவிட்டாள். அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. கை ஐஸாக இருந்தது.

"சிரிடா" என்றாள்.

"அக்கா, இங்கயா?"

"சிரின்னா சிரி! அது எந்திரிக்கிறதுக்குள்ள சிரி!"

எனக்கு வரவில்லை. திரையில் நான் கிடக்கிறேன், பக்கத்தில் அக்கா சில்லிட்டுப்போகிறாள், சிரி என்றால் எங்கிருந்து வரும்? அவளைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. அந்த நிலையிலும் திரையைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்த மூஞ்சிக்குத்தான் அப்பா வேஷம் குடுத்தாகளாக்கும். ஒரு சீனுக்கு உன்னையவே வச்சிருக்கலாம், செலவாவது மிச்சம்" என்றாள்.

சிரித்துவிட்டேன். நிஜமாகச் சிரித்தேன். வயிற்றிலிருந்து வந்தது. நிறுத்த முடியவில்லை. சாவு வீட்டுக் காட்சியில் ஒருத்தன் விழுந்து விழுந்து சிரித்தால் விடுவார்களா? "டேய், எவன்டா அவன்?" என்று நாலா பக்கமும் சத்தம். முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து நின்று கெட்ட வார்த்தையில் திட்டினான். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தேன்.

அக்கா அப்போதுதான் இடது பக்கம் திரும்பினாள். காலி சீட்டைப் பார்த்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியை அனுப்பிவைக்கிற குரலில் பேசினாள்.

"பார்த்தாச்சுல்ல? இவன் இங்கதான் இருக்கான். வாரேன்னு சொன்னேன், வந்துட்டேன். அவ்வளவுதான். நீ கெளம்பு."

இடைவேளைக்கு முன்னால் ஒரு குண்டு மனிதர் வந்து, "இது காலியாம்மா?" என்று கேட்டு அந்த சீட்டில் தொம்மென்று உட்கார்ந்தார். அக்கா அவரிடம் முறுக்கு நீட்டினாள். படம் சுமார்தான். இரண்டாம் பாதி இழுவை.

பெரார்கஞ்ச் வந்ததும் மாஷி கடைக்கு வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கடுகு எண்ணெய் பாட்டிலை என்னிடம் நீட்டி, போன தடவை அளவு குறைந்திருந்தது என்று சண்டைக்கு வந்தாள். நான் சந்தோஷமாகச் சண்டை போட்டேன்.

அதற்குப் பிறகு அக்கா ஒரு சட்டம் போட்டுவிட்டாள். போனை எடுத்ததும் "என்னடா புதுசா?" கிடையாது. "முதல்ல சிரி" என்பாள். நான் சிரித்தால்தான் பேச்சு. பாக்குத் தோட்டத்து வளைவில் தனியாக நின்று போனுக்குள் சிரிக்கிற என்னைப் பார்த்து, பஸ்ஸில் போகிறவர்கள் கை காட்டிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

போன வாரம் மறுபடி காற்றும் மழையும். டவர் போய்விட்டது. வந்ததும் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். பெரிய படம் ஒன்றின் நடிகர் பட்டியல் எந்த நேரமும் வெளியாகலாம் என்று இருந்தது. வில்லன் யார் என்று நாங்கள் நகம் கடித்துக்கொண்டிருந்தோம்.

"முதல்ல சிரி" என்றாள். சிரித்தேன்.

"ம். நீதான்" என்றாள். பெருமூச்சு விட்டாள். "நேத்து ஒருத்தன் கூப்பிட்டான்டா. அதே நேரத்துக்கு, அதே மூக்கடைச்ச குரல்ல. சிரின்னேன். சிரிக்க வரலக்கான்னான். அப்டேட் இருக்கு, வில்லன் யாருன்னு சொல்லவான்னான்."

எனக்குப் பயம்தான். ஆனாலும் நாக்கு நுனிவரை அந்தக் கேள்வி வந்துவிட்டது. யாராம் என்று கேட்க வேண்டும். கேட்டே ஆக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"தெரியும்டா, கேக்கத் துடிக்கிறே" என்றாள் அக்கா. "நானும்தான் துடிச்சேன். ஆனாக் கேக்கல. வச்சுட்டேன்."